கறுப்பாயிருச்சு, சரி. அப்புறம்?

நீலமாக இருக்கும் கோட்டைக் கறுப்பாக்கு. கறுப்பாகிவிட்டால் ஸ்கெட்ச் முடிந்தது, அடுத்த பாடத்துக்குப் போ. சாலிட்வொர்க்ஸ் சொல்லித்தரும் மூன்று மாத கோர்ஸ்களில் நான் பார்த்த அத்தனையின் ஸ்கெட்ச் பாடத்தையும் இந்த இரண்டு வரிக்குள் அடக்கிவிடலாம். ஃப்ரீகேட் சொல்லித்தரும் இடமாக இருந்தால் கறுப்புக்குப் பதில் பச்சை. வெள்ளைக் கோடு பச்சையாக வேண்டும், அவ்வளவுதான். ஊருக்கு ஊர், பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மாடியில், ஏசி போட்ட அறையில், இந்த வண்ணம் பூசும் வேலைக்கு ‘டிசைன்’ என்று பெயர் வைத்துச் சான்றிதழ் அடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

எனக்கு இந்த நிறத்தின் மேல் பகை கிடையாது. அது மென்பொருள் தரும் ஒரு நல்ல தகவல். அந்தத் தகவலையே பாடமாக்கி விற்பதைத்தான் மோசடி என்கிறேன். இந்த வார்த்தையை யோசித்துத்தான் போடுகிறேன்.

இலக்கியப் பத்திரிகையில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். இரண்டு காரணம். இதைப் படிக்கிறவர்களில் நிறையப் பேர் இன்ஜினியரிங்கோ பாலிடெக்னிக்கோ முடித்துவிட்டு, வேலைக்கும் வேலை தேடலுக்கும் நடுவில் கவிதை படிக்கிறவர்கள். உங்கள் அறைத் தோழர்களில் ஒருவராவது இந்த கோர்ஸுக்குப் பணம் கட்டியிருப்பார். இன்னொன்று, இந்தச் சிக்கலின் வேர் ஒரு சொல்லில் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு இணையான நல்ல தமிழ் பொறியியல்காரர்கள் கையில் இல்லை, யாப்பு படித்தவர்கள் கையில் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

*

விஷயம் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கணினியில் இயந்திரப் பாகம் வரையும் மென்பொருள்களைப் பொதுவாக கேட் என்கிறோம். அதில் ஒரு இரும்புத் தகட்டை உருவாக்க வேண்டும் என்றால், முதலில் அதன் உருவத்தைத் தட்டையாக வரைய வேண்டும். அதுதான் ஸ்கெட்ச். பிறகு தடிமன் கொடுத்தால் முப்பரிமாணப் பொருளாக எழுந்து நிற்கும். ஸ்கெட்ச் போடும்போது அளவெல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று இல்லை. மவுஸால் கோணல்மாணலாக நாலு கோடு இழுக்கலாம். அதன் பிறகு அந்தக் கோடுகளுக்கு நடுவில் உறவு சொல்ல வேண்டும். இந்தக் கோடு கிடையாக இருக்கட்டும். இது செங்குத்தாக நிற்கட்டும். இந்த இரண்டு முனையும் ஒரே புள்ளியில் சேரட்டும். இந்த வட்டமும் அந்த வட்டமும் ஒரே அளவு. இந்தக் கோடு அந்த வட்டத்தைத் தொட்டுக்கொண்டு போகட்டும். இவற்றைத்தான் கன்ஸ்ட்ரெயிண்ட் என்கிறார்கள். உறவெல்லாம் சொல்லி முடித்தபின் மிச்சமிருப்பதற்கு மட்டும் எண் கொடுக்க வேண்டும். நீளம் இவ்வளவு, விட்டம் இவ்வளவு.

பின்னால் மென்பொருள் ஒரு கணக்கு வைத்துக்கொண்டே இருக்கும். தட்டையான தளத்தில் ஒரு புள்ளி இரண்டு விதமாக நகரலாம், பக்கவாட்டிலும் மேல்கீழாகவும். அதற்கு 2 சுதந்திரம். ஒரு கோட்டுக்கு இரண்டு முனை, ஆக 4. ஒரு வட்டத்துக்கு மையம் நகர 2, பெருக்கவும் சிறுக்கவும் 1, மொத்தம் 3. இயற்பியலில் சுதந்திர இயக்கக் கூறுகள் என்பார்கள். நான் சுருக்கமாகச் சுதந்திரம் என்றே சொல்கிறேன். நீங்கள் சொல்லும் ஒவ்வொரு உறவும், கொடுக்கும் ஒவ்வொரு எண்ணும், இந்தச் சுதந்திரத்தில் ஒன்றையோ இரண்டையோ எடுத்துக்கொள்ளும். எல்லாம் தீர்ந்தால் கோடு கறுப்பாகும். ஏற்கெனவே தீர்ந்துபோன ஒன்றை மறுபடி எடுக்கப் பார்த்தால் மென்பொருள் சண்டைக்கு வரும்.

ஆக, கறுப்பு நிறம் சொல்வது ஒன்றே ஒன்று: இனிமேல் எதுவும் தானாக நகராது. நின்றது சரியான காரணத்துக்காக நிற்கிறதா, நாளைக்கு ஒரு அளவு மாறினால் மற்றதெல்லாம் ஒழுங்காகக் கூட வருமா என்பதைப் பற்றி அந்த நிறத்துக்கு ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டியது வரைகிறவருக்கு.

*

உதாரணம் இல்லாமல் இதைப் பேசுவது வீண். நான் கோவையில் பம்ப்செட் பாகங்கள் வரையும் வேலையில் இருக்கிறேன். புதிதாக வேலை கேட்டு வருகிறவர்களுக்கு ஒரு பேஸ் பிளேட் வரையக் கொடுப்பது வழக்கம். மோட்டாரை உட்காரவைக்கும் தகடு. நாலு மூலை, நாலு துளை. இதைவிட எளிதாக ஒரு பாகம் கிடையாது.

காலோடு வரும் மோட்டார்களுக்கு ஐஈசி தர அளவுகள் உண்டு. 90எஸ் என்ற ஃபிரேமில் குறுக்கே துளைக்குத் துளை 140 மில்லிமீட்டர், நெடுக்கே 100, துளை விட்டம் 10. அதன் அண்ணன் 90எல். குறுக்கே அதே 140, நெடுக்கே மட்டும் 125. கேட்டலாக்கில் குறுக்களவை ஏ என்றும், நெட்டளவை பி என்றும், துளையைக் கே என்றும் போட்டிருப்பார்கள்.

கோர்ஸ் முடித்து வருகிறவர் இதை எப்படி வரைகிறார்? தகட்டின் இடது கீழ்மூலையை ஆதிப்புள்ளியில் வைக்கிறார். நீளம் 160, அகலம் 200. பிறகு ஒவ்வொரு துளையாக எடுத்து, இடது ஓரத்திலிருந்து இவ்வளவு, கீழ் ஓரத்திலிருந்து இவ்வளவு, விட்டம் இவ்வளவு என்று எண் போடுகிறார். தகட்டுக்கு 2 எண், நாலு துளைக்கு 12 எண். மொத்தம் 14. எல்லாக் கோடும் கறுப்பு. நிமிர்ந்து பார்த்து, “கறுப்பாயிருச்சுங்க சார்” என்பார். முகத்தில் ஒரு நிம்மதி இருக்கும்.

“நல்லதுங்க தம்பி. இப்ப மோட்டாரை 90எல் ஆக்கிருங்க. நூறு, நூத்தி இருபத்தஞ்சு ஆகணும்.”

இடது துளைகள் ஓரத்திலிருந்து 30-ல் இருக்கின்றன. வலது துளைகள் 130-ல். அதை 155 ஆக்குவார். தகட்டின் நீளம் அதே 160. துளையின் மையத்திலிருந்து ஓரத்துக்கு 5 மில்லிமீட்டர், துளையின் ஆரமும் 5. துளை தகட்டின் ஓரத்தை நக்கிக்கொண்டு நிற்கும். போல்ட் போட இரும்பு இல்லை. ஆனால் திரையில் எல்லாம் கறுப்பு. மென்பொருள் ஒரு முணுமுணுப்பும் காட்டாது. காட்ட வேண்டியதில்லை. இந்தத் துளைக்கு ஓரத்தில் இரும்பு வேண்டும் என்று அதனிடம் யாரும் சொல்லவில்லையே.

சிலர் சுதாரித்துத் தகட்டின் நீளத்தையும் 185 ஆக்கிவிடுவார்கள். கெட்டிக்காரர்கள்தான். அவர்களுக்கு அடுத்த கேள்வி. 80 ஃபிரேமுக்கு வரைந்த தகட்டை 90எஸ்ஸுக்கு மாற்றச் சொல்வேன். இப்போது குறுக்களவு 125-லிருந்து 140. மூலையைப் பிடித்துக்கொண்டு வரைந்த தகடு ஒரே பக்கமாகத்தான் வளரும். 15 மில்லிமீட்டர் அந்தப் பக்கம் வளர்ந்தால் நடுக்கோடு ஏழரை மில்லிமீட்டர் தள்ளிப்போகும். எதிரே பம்ப் பழைய நடுக்கோட்டிலேயே உட்கார்ந்திருக்கிறது. மோட்டார் ஷாஃப்டும் பம்ப் ஷாஃப்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். கப்ளிங்கில் அரை மில்லிமீட்டர் விலகினாலே சத்தம் வந்து, ரப்பர் தேய்ந்து, பேரிங் போகும். இங்கே ஏழரை. நம் ஊரில் அந்த எண்ணுக்கு இன்னொரு அர்த்தம் இருப்பது தற்செயல்தான்.

சரி, வேறு எப்படி வரைவது? ஆதிப்புள்ளியைத் தகட்டின் நடுவில் வையுங்கள். வெளிச் செவ்வகம் ஒன்று. துளை மையங்களைச் சேர்க்கும் உள் செவ்வகம் ஒன்று. அது வெட்டப்படப்போவதில்லை, துணைக்கோடு மட்டும். அப்புறம் நாலு வட்டம். சுதந்திரத்தை எண்ணுவோம். இரண்டு செவ்வகத்துக்கு 32, நாலு வட்டத்துக்கு 12. மொத்தம் 44. ஒரு செவ்வகத்தில் முனைகள் சேர்வதில் 8 போகிறது. இரண்டு கோடு கிடை, இரண்டு கோடு செங்குத்து என்பதில் 4. எதிரெதிர் மூலைகள் ஆதிப்புள்ளிக்குச் சமச்சீர் என்பதில் 2. ஆக 14. இரண்டு செவ்வகத்துக்கு 28. வட்ட மையங்கள் உள் செவ்வகத்தின் மூலைகளில் உட்காருவதில் 8. நாலு வட்டமும் சமம் என்பதில் 3. 44-ல் 39 போய்விட்டது. இன்னும் ஒரு எண்ணைக்கூட எழுதவில்லை.

மிச்சம் 5. வெளி நீளம், வெளி அகலம், உள் நீளம், உள் அகலம், விட்டம். வெளி நீளம் என்பது உள் நீளத்தோடு 60 என்று ஒரு சூத்திரம், அகலத்துக்கும் அப்படியே. இப்போது மிச்சம் 3. ஏ, பி, கே. மோட்டார் கேட்டலாக்கில் இருக்கும் அதே மூன்று எண்.

இந்தத் தகட்டில் 100-ஐ 125 ஆக்கினால் துளைகள் இரண்டு பக்கமும் சமமாக விலகும், தகடு கூடவே நீளும், ஓரத்தில் 30 மில்லிமீட்டர் இரும்பு அப்படியே இருக்கும், நடுக்கோடு அசையாது. யாரும் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை. தகடே ஞாபகம் வைத்துக்கொண்டிருக்கிறது.

14 எண் போட்டவர் படமும் கறுப்பு. 3 எண் போட்டவர் படமும் கறுப்பு. பிரிண்ட் எடுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் மயிரிழை வித்தியாசம் இருக்காது. முதலாமவர் ஒரு தகட்டின் படத்தை வரைந்திருக்கிறார். இரண்டாமவர் மோட்டாருக்கும் தகட்டுக்கும் என்ன உறவு என்பதை எழுதியிருக்கிறார். சம்பளம் கிடைப்பது இரண்டாவது வேலைக்கு. சொல்லித்தரப்படுவது முதலாவது.

*

இதைவிடக் கேவலமான வழி ஒன்று உண்டு. ‘ஃபிக்ஸ்’ என்று ஒரு பட்டன். ஒரு கோட்டைத் தொட்டு அதை அழுத்தினால் கோடு இருக்கிற இடத்திலேயே ஆணி அடித்தது போல் நின்றுவிடும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து ஒரு அழுத்து அழுத்தினால் மொத்த ஸ்கெட்சும் நொடியில் கறுப்பு. உறவும் வேண்டாம், எண்ணும் வேண்டாம். இந்தப் பட்டனுக்கு நியாயமான உபயோகங்கள் உண்டு. ஆனால் “டைம் இல்லைன்னா இதை அழுத்திருங்க” என்று வகுப்பிலேயே சொல்லித்தருகிறார்கள் என்று என்னிடம் வந்த பலர் சொல்லியிருக்கிறார்கள். தேர்வு அறையில் விடைத்தாளுக்குக் கறுப்பு மை பூசச் சொல்லித்தருவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எண்ணிக்கை சரியாக வந்தாலே போதும் என்று நினைப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புள்ளிகளை விறைப்பான கம்பிகளால் இணைத்து, ஆடாத ஒரு சட்டகம் செய்வதாக வைத்துக்கொள்ளுங்கள். 4 புள்ளிக்கு 5 கம்பி வேண்டும், 6 புள்ளிக்கு 9. புள்ளி எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி மூன்றைக் கழிக்க வேண்டும். இப்போது இரண்டு சதுரத்தை ஒட்டினாற்போல் வையுங்கள். 6 புள்ளி. பக்கங்கள் 7 கம்பி. இன்னும் 2 போட்டால் 9, கணக்கு சரி. அந்த இரண்டையும் இடது சதுரத்திலேயே குறுக்கும் மறுக்குமாகப் போட்டுவிட்டால்? மொத்தக் கணக்கு 9 என்றுதான் சொல்லும். ஆனால் இடது சதுரத்தில் ஒரு கம்பி வீண், வலது சதுரம் கிழட்டுக் கட்டில் மாதிரி ஆடும். மொத்தத்தில் மட்டும் அல்ல, எந்தப் பகுதியை எடுத்து எண்ணினாலும் அளவுக்கு மிஞ்சாமல் இருக்க வேண்டும் என்பதை 1927-ல் ஹில்டா போலாச்செக்-கைரிங்கர் நிறுவினார். அது மறக்கப்பட்டு, 1970-ல் ஜெரார்ட் லாமன் மறுபடி கண்டுபிடித்தார். இன்றைக்கு அவர் பெயரில்தான் தேற்றம் இருக்கிறது. எந்தக் கட்டு எந்த இடத்தில் என்பதுதான் விஷயம். எத்தனை என்பது அதன் பிறகு. ‘ஓவர் டிஃபைன்ட்’ என்று மென்பொருள் கத்தும்போது, கையில் கிடைத்த ஒரு கட்டை அழித்துவிட்டு நகரச் சொல்லும் வாத்தியார், வலது சதுரத்தில் இருக்க வேண்டிய கம்பியை இடது சதுரத்தில் தேடிக்கொண்டிருக்கிறார்.

*

இந்த நிலைமை ஏன் வந்தது? வாத்தியார்கள் சோம்பேறிகள் என்று சொன்னால் கட்டுரை சீக்கிரம் முடிந்துவிடும். ஆனால் அது உண்மையும் இல்லை.

கன்ஸ்ட்ரெயிண்ட் நேற்று வந்த சரக்கு இல்லை. 1963-ல் எம்ஐடியில் ஐவன் சதர்லேண்ட் என்ற 24 வயது மாணவர் தன் முனைவர் பட்டத்துக்காக ஸ்கெட்ச்பேட் என்ற நிரலை எழுதினார். டிஎக்ஸ்-2 என்ற கணினி, ஒளிப்பேனா, சின்னத் திரை. அந்த முதல் நிரலிலேயே கன்ஸ்ட்ரெயிண்ட் இருந்தது. சரியான அறுகோணம் வரைய அவர் காட்டிய வழியைப் பாருங்கள். ஒரு வட்டத்துக்குள் கோணல்மாணலாக ஆறு பக்க உருவம் ஒன்றைப் போடு. மூலைகளெல்லாம் வட்டத்தின் மேல் இருக்கட்டும் என்று சொல். பக்கங்களெல்லாம் சமம் என்று சொல். படம் தானே நேராகிக்கொள்ளும். பிறகு வட்டத்தை அழித்துவிடு. கோணம் 60 டிகிரி என்று எங்கேயும் எழுதவில்லை. உறவைச் சொன்னால் எண் தானாக வந்து நிற்கிறது. திரையில் படம் வரைவது என்ற யோசனையும் படத்துக்குள் உறவைச் சொல்வது என்ற யோசனையும் ஒரே பிரசவத்தில் பிறந்தவை.

நம் கைக்கு வந்தது இரட்டையரில் ஒன்று மட்டும். 1982-ல் வந்த ஆட்டோகேட் அடிப்படையில் டிராயிங் போர்டைத் திரையில் ஏற்றியது. கோடு, வட்டம், அளவு. கோடுகளுக்குள் இந்த மாதிரி உறவு சொல்லும் வசதி அதில் 2010 பதிப்பில்தான் வந்தது. 1980களின் கடைசியில் புரோ-இன்ஜினியர், 1995-ல் சாலிட்வொர்க்ஸ் என்று வேறு வகை மென்பொருள்கள் வந்துவிட்டாலும், நம் கல்லூரிகளிலும் சென்டர்களிலும் சொல்லித்தந்த தலைமுறை, மினி டிராஃப்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறிய தலைமுறை. அவர்களுக்கு வரைபடம் என்பது தாளில் முடிந்துபோகும் ஒரு படம். தாளில் 100 என்று எழுதினால் அது 100 தான், நாளைக்கு 125 ஆகாது. ஆக வேண்டுமென்றால் புதுத் தாள். அந்தக் கைப்பழக்கத்தைத்தான் மவுஸுக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

தேர்வும் அதற்கு ஒத்துப்போகிறது. திருத்துகிறவர் பிரிண்ட் அவுட்டைப் பார்க்கிறார். பிரிண்ட் அவுட்டில் 14 எண்ணுக்கும் 3 எண்ணுக்கும் வித்தியாசம் தெரியாது என்று மேலே சொன்னேன். ஒரு அளவை மாற்றிப் பார்த்து மார்க் போடுகிற தேர்வு ஒன்று இருந்தால் இந்த ஏமாற்று ஒரே செமஸ்டரில் அம்பலமாகிவிடும்.

சென்டர்களின் கணக்கு வேறு. சாலிட்வொர்க்ஸ் ஒரு கோர்ஸ், கிரியோ ஒரு கோர்ஸ், ஃப்யூஷன் ஒரு கோர்ஸ், ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டணம். பட்டன் எங்கே இருக்கிறது என்பதைத்தான் மூன்று தடவை விற்கிறார்கள். உள்ளே இருக்கும் யோசனை ஒன்றுதான். சாலிட்வொர்க்ஸிலும் ஆன்ஷேப்பிலும் இந்த உறவுக் கணக்கைத் தீர்ப்பது இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் பிறந்த டி-கியூப்டு என்ற ஒரே நிரல்தான். வெவ்வேறு பெட்டி, உள்ளே ஒரே இன்ஜின். உறவைப் புரிந்துகொண்டவர் புது மென்பொருளின் பட்டன்களை ஒரு வாரத்தில் தேடிக் கண்டுபிடித்துக்கொள்வார். புரியாதவர் நாலாவது கோர்ஸுக்கும் பணம் கட்டுவார். அந்தப் பணம் சில வீடுகளில் மகளிர் குழுக் கடன். எனக்குக் கோபம் வருவது அந்த இடத்தில்தான்.

*

இப்போது அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

கன்ஸ்ட்ரெயிண்ட் என்பதைத் தமிழில் சொல்ல வேண்டி வந்தால் எல்லாரும் ‘கட்டுப்பாடு’ என்கிறார்கள். கட்டுப்பாடு என்றதும் ஹாஸ்டல் வார்டன் ஞாபகத்துக்கு வருகிறார். மேலே ஒருவர் உட்கார்ந்து, நீ இங்கேயே நில், நகராதே என்கிறார். ஃபிக்ஸ் பட்டனுக்கு இது பொருத்தமான சொல். மற்ற எதற்கும் இல்லை. இந்தக் கோடும் அந்தக் கோடும் இணை என்று சொல்லும்போது யாரும் யாரையும் நிற்கச் சொல்லவில்லை. நீ திரும்பினால் நானும் திரும்புவேன் என்று இரண்டு கோடும் பேசி வைத்துக்கொண்டிருக்கின்றன.

இதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது. தளை. வெண்பா எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மாச்சீர் வந்தால் அடுத்த சீர் நிரையசையில் தொடங்க வேண்டும். விளச்சீர் வந்தால் நேரசை. காய்ச்சீர் வந்தாலும் நேரசை. இந்த விதி எந்தச் சீர் எங்கே நிற்க வேண்டும் என்று சொல்லவில்லை. நின்ற சீரின் முடிவுக்கும் வருகிற சீரின் தொடக்கத்துக்கும் என்ன உறவு என்று மட்டும் சொல்கிறது. நடுவில் ஒரு சொல்லை மாற்றினால் பக்கத்துச் சொல் அதற்கேற்ப நகர்ந்து உட்கார வேண்டும். எண்ணும் யாப்பில் உண்டு. குறளுக்கு முதலடியில் நாலு சீர், ஈற்றடியில் மூன்று. கட்டளைக் கலித்துறையில் அடி நேரசையில் தொடங்கினால் ஒற்று நீக்கி 16 எழுத்து, நிரையசையில் தொடங்கினால் 17. வெளி நீளம் என்பது உள் நீளத்தோடு 60 என்று சூத்திரம் எழுதுகிறோமே, அதே வேலை. யாப்பு என்ற சொல்லுக்கே கட்டுதல் என்றுதான் பொருள்.

இந்த ஒப்பீட்டில் எனக்கு முக்கியமானது இன்னொன்று. தளை தட்டாமல் இருந்தாலே அது நல்ல வெண்பா என்று உங்களில் யாராவது ஒப்புக்கொள்வீர்களா? மாட்டீர்கள். வாழ்த்து மடல்களில் தளை தட்டாத வெண்பாக்கள் ஆயிரக்கணக்கில் செத்துக் கிடக்கின்றன. தளை சரியாக இருப்பது வாசல். அதைத் தாண்டி உள்ளே என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. கறுப்பாகிவிட்டது, ஸ்கெட்ச் முடிந்தது என்று சொல்லித்தருகிறவர், தளை தட்டவில்லை, கவிதை முடிந்தது என்கிறார். ஒரு கவிதைப் பட்டறையில் இதைச் சொன்னால் சிரிப்பீர்கள். இன்ஜினியரிங் வகுப்பில் சொன்னால் ஏன் யாரும் சிரிப்பதில்லை?

*

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியும்.

“இதெல்லாம் பெரிய கம்பெனிக்குங்க. சின்ன ஒர்க்‌ஷாப்ல சீக்கிரம் முடிச்சுக் குடுக்கறதுதான் முக்கியம்.” நேர்மாறு. சின்ன ஒர்க்‌ஷாப்பில்தான் அளவு தினமும் மாறுகிறது. வாடிக்கையாளர் காலையில் போன் செய்து மோட்டாரை மாற்றிவிட்டேன் என்பார். 14 எண்ணைத் தேடித் திருத்துகிறவரா, 3 எண்ணை மாற்றுகிறவரா, யார் சீக்கிரம் முடிப்பார்? முதல் முறை வரையும்போது பத்து நிமிடம் கூட ஆகும், உண்மை. இரண்டாவது முறையிலிருந்து அந்தப் பத்து நிமிடம் வட்டியோடு திரும்பி வரும்.

“தளையே இல்லாமல் நேரடியாகப் பொருளைப் பிடித்து இழுத்து வடிவம் மாற்றும் மென்பொருள்கள் வந்துவிட்டன, இனி இது எதற்கு?” ஸ்பேஸ்கிளெய்ம் போன்றவற்றைச் சொல்கிறார்கள். நல்ல கருவிகள். வேறு ஊரில் யாரோ வரைந்த கோப்பு, அதன் உறவுகளெல்லாம் உதிர்ந்து வெறும் வடிவமாக வந்து சேரும்போது, அதில் ஒரு துளையை நகர்த்த இதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் இழுக்கிறவர் எதை இழுத்தால் எது கூட வர வேண்டும் என்று மண்டைக்குள் வைத்திருக்க வேண்டும். எழுத வேண்டாமே தவிர, யோசிக்க வேண்டும். யோசிக்கக் கற்றுக்கொள்ளும் இடம் ஸ்கெட்ச்.

“வரையும்போதே மென்பொருள் தானாகத் தளை போட்டுவிடுகிறதே, இனி ஏஐ எல்லாவற்றையும் போட்டுவிடும்.” இதைத்தான் அதிகம் கேட்கிறேன். கோட்டைக் கொஞ்சம் கிடையாக இழுத்தால் மென்பொருள் தானே கிடை என்று எழுதிக்கொள்வது பல வருடமாக இருக்கிற வசதி. உங்கள் கை நடுங்கி இரண்டு டிகிரி சரிவாகப் போட வேண்டிய கோடு கிடையாகத் தெரிந்தாலும் அது அப்படியே எழுதிக்கொள்ளும். அதற்குத் தெரிவது கோடு எப்படி இருக்கிறது என்பது. எப்படி இருக்க வேண்டும் என்பது அல்ல. நாலு துளையும் இப்போது ஒரே அளவாக இருக்கின்றன. எப்போதும் ஒரே அளவாக இருக்க வேண்டுமா, இல்லை இன்றைக்குத் தற்செயலாக அப்படி அமைந்ததா? படத்தை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இந்தக் கேள்விக்குப் பதில் படத்தில் இல்லை. மோட்டாரில் இருக்கிறது, போல்ட்டில் இருக்கிறது, தகட்டை மாட்டப்போகும் ஆளின் கையில் இருக்கும் ஸ்பேனரில் இருக்கிறது. அதை அறிந்தவர் சொன்னால் இயந்திரம் எழுதிக்கொள்ளும், வேகமாகவே எழுதும். அறியாதவருக்கு அறியாமையையும் அதே வேகத்தில் எழுதித் தரும்.

*

இது படிப்பறையோடு முடிகிற விஷயமாக இருந்தால் நான் இவ்வளவு கத்த மாட்டேன். ஓரத்தை நக்கும் துளையுள்ள அந்தப் படம் பிரிண்டாகி டிரில்லிங் மிஷினுக்குப் போகிறது. அங்கே நிற்கிறவர் படத்தில் இருப்பதைத்தான் போட முடியும். அவர் அனுபவசாலியாக இருந்தால் மேலே வந்து, “சார், இது ஓரமா வருதே, சரியா பார்த்தீங்களா?” என்று கேட்பார். கேட்டால் ‘படத்துல இருக்கறத போடுய்யா’ என்ற பதில் வரும் இடங்கள் உண்டு. போட்டபின் தகடு குப்பைக்குப் போகும்போது முதல் திட்டு விழுவது அவருக்கு. ஏசி அறையில் நிறம் மாறியதைப் பார்த்து நிம்மதி அடைந்தவருக்கு இல்லை. வரைகிறவர் எழுதாமல் விட்ட உறவை, கடைசியில் மிஷினில் நிற்கிறவர் தன் பெயரால் அடைக்கிறார். நம் தொழிற்சாலைகளில் மேலிருந்து கீழே இறங்குகிற பழிகளில் இதுவும் ஒன்று. இதைத் தடுக்கும் இடம் அந்த மூன்று மாத வகுப்பு.

செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றும் இல்லை. ஃப்ரீகேட் இலவசம், 2024 நவம்பரில் அதன் 1.0 பதிப்பு வந்துவிட்டது. இன்னும் எத்தனை சுதந்திரம் மிச்சம் என்று அது எண்ணாகவே காட்டும். முதல் வாரம் முழுக்க எண் போடவே கூடாது என்று வகுப்பில் விதி வையுங்கள். உறவு மட்டும். ஒவ்வொரு தளை போட்டபின்னும் ஒரு மூலையைப் பிடித்து இழுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எது கூட வருகிறது, எது வர மறுக்கிறது, எது வரக்கூடாமல் வருகிறது? படம் அசைவதைப் பார்த்துத்தான் உறவு புரியும். நாலு கம்பியை முனையில் சேர்த்துவிட்டு ஒன்றை மட்டும் தரையில் நிறுத்தி இழுத்தால் அது ஆடும். அந்த ஆட்டம்தான் நாலு கம்பி இணைப்பு என்ற இயந்திரவியல் பாடம், இரண்டு வருடம் கழித்துச் சூத்திரமாக வந்து மாணவர்களைப் பயமுறுத்துவது. ஒரு சுதந்திரம் மிச்சமிருக்கும் ஸ்கெட்சைத் தவறு என்று அடித்துவிடுகிறோம். அது ஒரு இயந்திரம் பிறக்கும் இடம் என்று சொல்லிக்கொடுக்க அரை மணி நேரம் போதும்.

கோர்ஸில் சேர்ந்திருப்பவர்களுக்கு ஒன்று. நீங்கள் கணக்கில் மக்கு என்று உங்களிடம் யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். மேலே போட்ட கணக்கு கூட்டலும் கழித்தலும்தான். நீங்கள் பணம் கட்டியிருக்கிறீர்கள், கேள்வி கேட்கும் உரிமை அந்த ரசீதிலேயே இருக்கிறது. நாளைக்கு வகுப்பில் ஸ்கெட்ச் கறுப்பானதும், அடுத்த பாடத்துக்கு நகருவதற்கு முன், வாத்தியாரைக் கூப்பிட்டு அவர் கையாலேயே ஒரு அளவை மாற்றச் சொல்லுங்கள். படம் உடைந்தால் ஏன் என்று கேளுங்கள். பதில் தெரிந்தவராக இருந்தால் சந்தோஷமாக உட்கார்ந்து சொல்லித்தருவார், அப்படிப்பட்டவர்களும் இருக்கிறார்கள். “அதெல்லாம் எக்ஸாமுக்கு வராது” என்று சொன்னால், அடுத்த மாதக் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன் கொஞ்சம் யோசியுங்கள்.